பன்னிரண்டாவது சூப் தட்டு

ஹோன்ராய்ட்,
14 அக்டோபர் 2006, சனிக்கிழமை

அன்புள்ள இர்மெலாவுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது ஞாபகப்படுத்துகிறது. உன் நலத்தை நீயே ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

நீ போய் இன்றோடு நான்கு வாரம். தொலைபேசியில் கூப்பிட்டால் உன் தங்கை ரோஸ்வித்தாதான் எடுக்கிறாள். "அக்கா நடக்கப் போயிருக்கா" என்கிறாள். கடல் வற்றிக் கிடக்கும்போதும் நடக்கப் போயிருக்கிறாய், பெருகி நிற்கும்போதும் நடக்கப் போயிருக்கிறாய். ஃபோர் தீவு அவ்வளவு பெரிது இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுச் செய்திகள்: கொதிகலனைச் சுத்தம் செய்ய ஆள் வந்து போனான். பிளம் பழங்களை நான்தான் பறித்தேன். பாதியைக் குளவிகள் தின்றுவிட்டன, மீதியில் ஜாம் செய்கிறேன் பேர்வழி என்று பெரிய பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டேன். உருளைக்கிழங்கு உருண்டை செய்து பார்த்தேன். தண்ணீரில் போட்டதும் கரைந்து கஞ்சியாகிவிட்டது. அதையும் குடித்தேன். காலையில் பனிமூட்டம் தோட்டத்து வேலிவரை வந்து நிற்கிறது. பத்து மணிக்கு மேல்தான் எதிர்வீட்டுக் கூரை தெரிகிறது. நீ இல்லாத வீட்டில் பகல் எப்போது ஆரம்பிக்கிறது என்றே புரிவதில்லை.

உப்பு ஜாடிக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன சீட்டை நான் எடுக்கவில்லை. அங்கேயே இருக்கிறது. உப்பு எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். "ஒரு தட்டு சூப்பை, அதன் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் உன்னால் எப்போது குடித்து முடிக்க முடிகிறதோ அப்போது எழுது. அதுவரை நான் வரமாட்டேன்." இர்மெலா, அந்த நாள் இன்னும் வரவில்லை. நேற்றுகூடக் குடித்து முடித்ததும் கை தானாகத் திரும்பியது. நம் வீட்டுத் தட்டு, நானே வாங்கியது, அடியில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும், அப்படியும் திருப்பினேன். பொய் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

துக்க வீட்டுக் காப்பியன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் அதிகம், கேக் தட்டுகள் போதவில்லை. உன் பெரியப்பா மகள் கெர்லிண்டே அலமாரியின் உச்சித் தட்டிலிருந்து ஒரு சூப் தட்டை எடுத்து அதில் கேக் வைத்து, "நீங்க வீட்டு ஆளுதானே, இதுல சாப்பிடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். கொடுத்த கணமே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கனம், அந்தத் தடித்த விளிம்பு. வீட்டுக்கென்று செய்த பீங்கான் அப்படி இருக்காது. படைமுகாமிலும் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கீழே போட்டாலும் உடையக்கூடாது என்று செய்தது. பிறகு நடந்தது எனக்கே கனவு மாதிரித்தான் இருக்கிறது. தட்டைத் தலைக்குமேல் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். கேக் பாதிரியாரின் மடியில் விழுந்தது. நானோ, "நாற்பத்திரண்டு! ராணுவ மருத்துவமனை! கழுகு அப்படியே இருக்கு!" என்று கூவினேன்.

அறையில் இருந்த கிழவிகள் அத்தனை பேரும் தத்தம் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பாதிரியார் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நல்லவேளை, அம்மாவோட சவப்பெட்டியைக் கவுத்துப் பாக்காம விட்டாரே இந்த மனுஷன்" என்றாள் ரோஸ்வித்தா. சிலர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. எழுந்து தோட்டத்துக்குப் போய், பிளம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மறுநாள் காலை வண்டிக்கு ரோஸ்வித்தாவோடு புறப்பட்டுவிட்டாய். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் பூப்போட்ட தட்டில்தான் உன் அம்மா பரிமாறுவார். மாப்பிள்ளை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் கைக்கு அந்த வெள்ளைத் தட்டு கிடைக்கக்கூடாது என்றுதான் வால்பூர்கா அம்மாள் அவ்வளவு மரியாதை செய்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நீ பலமுறை கேட்டாய், அந்த நாஜிக் கழுகை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறாய் என்று. அந்தக் காலத்தின்மேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. அது உனக்கும் தெரியும். மூன்று வயதில் எல்லையைத் தாண்டி அகதியாக இந்த ஊருக்கு வந்தவன் நான். எங்களிடம் சொந்தமாக ஒரு தட்டுகூட இல்லை. முகாமில் கொடுத்த தட்டில் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் என் அம்மா அதைத் திருப்பி, அடியில் இருந்த ஆண்டையும் எண்ணையும் காட்டி எனக்கு எண் கற்றுக்கொடுத்தாள். அவ்வளவுதான் காரணம். முன்பக்கம் எல்லாத் தட்டும் ஒரே வெள்ளை. எங்கிருந்து வந்தேன் என்று பின்பக்கம்தான் சொல்லும்.

சென்ற ஞாயிறு பழைய பொருள் சந்தைக்கு என் தட்டுக் கூட்டாளி ஓட்மார் கூப்பிட்டான். போனேன். வழக்கம்போல் சட்டத்துக்குப் பயந்து, தட்டுகளின் அடியிலிருந்த ஸ்வஸ்திகாவின்மேல் சின்ன வட்டக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். விற்பவனிடம் அனுமதி கேட்டு, கட்டைவிரல் நகத்தால் காகிதத்தின் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கும்போது உன் முகம் வந்தது. அந்த நீட்டு நகம் உனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிட்டேன். இதையாவது கணக்கில் எடுத்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதே. அம்மா வீட்டை இந்த ஆண்டு முடிவதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். நான் உதவுகிறேன் என்று கெர்லிண்டேயிடம் சொல்லிவிட்டேன். அந்த வெள்ளைத் தட்டுகள் மொத்தம் பன்னிரண்டு இருக்கின்றன. பதினொன்றில் கத்திக் கீறல், கரண்டிக் கீறல், அறுபது வருஷத்து உழைப்பு. நான் கவிழ்த்த அந்த ஒன்றில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. சூளையிலிருந்து நேற்று வந்தது போல் இருக்கிறது. அப்படி ஒன்றை நான் என் வாழ்நாளில் கையில் பிடித்ததில்லை. அதை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?

கொக்கியில் மாட்டியிருக்கும் நம் வாசல் சாவிகளில் உன்னுடையதைக் காணோம். தேடினேன். நீ எடுத்துப் போயிருக்கிறாய் போல. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

குளிர்காற்றில் தலையை மூடிக்கொண்டு நட.

என்றும் உன்,
லோதர்


ஹோன்ராய்ட்,
26 நவம்பர் 2006, இறந்தோர் ஞாயிறு

அன்பு இர்மெலா,

உன் அஞ்சலட்டை வந்தது. முன்பக்கம் கலங்கரை விளக்கம், பின்பக்கம் நான்கு சொற்கள். "அந்தத் தட்டை நீ தொடாதே." நான் பின்பக்கத்தை எவ்வளவு ஆசையாகப் படிப்பவன் என்று தெரிந்தும் நான்கே சொற்கள்தானா? இருந்தாலும் உன் கையெழுத்து. அதைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

காலையில் கல்லறைக்குப் போய் ஊசியிலைக் கொத்தும் விளக்கும் வைத்துவிட்டு வந்தேன். மண் இன்னும் அமுங்கவில்லை. அங்கேயே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று இப்போது எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். நீ எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை வேறொருவர் வாயால் கேட்டுவிட்டேன். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் அம்மா வீட்டில் தனியாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி. ஜன்னலில் பால் ஊற்றினாற்போல் வெண்மை. பூப்போட்ட தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிவிட்டேன். பதினொரு வெள்ளைத் தட்டுகளையும் சுற்றிவிட்டேன். சத்தியமாக எதையும் கவிழ்க்கவில்லை. பார்வை போயிருக்கலாம். பிறகு முக்காலிமேல் ஏறி அலமாரி உச்சியைப் பார்த்தேன். அந்தத் தட்டு அங்கே இருந்தது. நீ தொடாதே என்றாய். தொடவில்லை. இறங்கவும் முடியவில்லை. கால்மணி நேரம் அப்படியே நின்றிருப்பேன்.

பின்னால், "என்னப்பா, முக்காலி மேல நின்னு ஜெபம் பண்றியா? விழுந்தா உன்னையும் சேத்துதான் பெட்டி கட்டணும்" என்று குரல். பக்கத்து வீட்டு பாபெட் அம்மாள். எண்பத்திரண்டு வயதிலும் கதவைத் தட்டாமல்தான் வருகிறார். கையில் ஒரு கிண்ணத்தில் உருண்டையும் குழம்பும். "உன் உருண்டை கரைஞ்ச கதை ஊரெல்லாம் தெரியும், சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலியானதும் கிண்ணத்தைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டார். நான் திருப்பிவிடுவேன் என்ற பயம்! பிறகு சிரித்தார். "அறுபது வருஷமா எங்க ஊர்ப் பொம்பளைங்க இந்தத் தட்டுங்களைக் கவுத்ததில்ல. கழுவினா பின்பக்கம் சுவரைப் பாக்கத்தான் சாய்ச்சு வைப்போம். மருமக வந்தா மொதல் பாடமே அதுதான். நீ ஒரு நிமிஷத்துல எங்க எல்லார் பாவாடையையும் தூக்கிக் காட்டிட்ட" என்றார். நான் வந்தேறி, எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "இப்ப சொல்றேன், கேளு" என்றார்.

நாற்பத்தைந்து ஏப்ரல். பள்ளிக்கூடத்தை ராணுவ மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அமெரிக்கர்கள் நெருங்கிவிட்டார்கள் என்றதும் மருத்துவர்களும், நடக்கக்கூடிய நோயாளிகளும் லாரிகளில் ஏறிப் போய்விட்டார்கள். களஞ்சியம் திறந்து கிடக்கிறது என்று ஊருக்குள் செய்தி. கம்பளி, சர்க்கரை, தட்டு. பெண்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாபெட்டுக்கு இருபத்தொன்று, உன் அம்மாவுக்கு இருபத்துநான்கு. "வால்பூர்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம்னு பேச்சு. டஜன் தட்டு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. களஞ்சியத்துல பதினொண்ணுதான் கிடைச்சுது."

நடக்க முடியாத முப்பது பேரை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாவது தட்டைத் தேடி உன் அம்மா வகுப்பறைக்குள் போயிருக்கிறார். ஜன்னலோரக் கட்டிலில் ஒருவன். நெஞ்சின்மேல் ஒரு காலித் தட்டு. கண் மூடியிருந்தது. செத்துவிட்டான் என்று நினைத்துத் தட்டை எடுத்திருக்கிறார். அவன் கண்ணைத் திறந்து, ரொம்ப மரியாதையாக, "எனக்கு இன்னும் சூப் ஊத்தலைங்க" என்றானாம்.

"வால்பூர்கா என்ன சொன்னா தெரியுமா? 'கொண்டாறேன்'னா. தட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு 'கொண்டாறேன்'னுட்டு வெளிய வந்துட்டா. நான் வாசல்ல வண்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ முகம் இந்தச் சுவர் மாதிரி இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் உருளைக்கிழங்கு சூப் வைத்திருக்கிறார். ஆனால் அதற்குள் பீரங்கி வண்டிகள் சாலைக்கு வந்துவிட்டன. ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைத் துணி. இரண்டு நாள் யாரும் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் அதே தட்டில் சூப் ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டு போனால், கட்டில் காலி. அமெரிக்கர்கள் எல்லோரையும் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பிழைத்தானா, போய்விட்டானா, தெரியாது. பெயரும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரல் பத்தொன்பதும் அம்மா சூப் வைத்து அந்தத் தட்டில் ஊற்றி, தோட்டத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாராம். சாயங்காலம் பிளம் மரத்தடியில் ஊற்றிவிடுவாராம். வேறெதற்கும் அந்தத் தட்டைத் தொடமாட்டாராம். கீறல் இல்லாததன் காரணம் அதுதான். நான் அதைச் சூளைப் புதுசு என்று உனக்கு எழுதினேன்.

"இர்மெலாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். "ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரிப் படுக்கையில வச்சு வால்பூர்கா சொன்னா. இனிமே நான் ஊத்துறேம்மான்னு உன் பொண்டாட்டி வாக்குக் கொடுத்தா. நானும் பக்கத்துல இருந்தேன்." எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "உங்கிட்ட சொன்னா, அதையும் ஒரு அட்டையில எழுதி நம்பர் போட்டுருவன்னு உன் பொண்டாட்டிதான் சொன்னா."

அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது, இர்மெலா. ஏனென்றால் அது உண்மை. எழுதியிருப்பேன். "ஹோன்ராய்ட், பள்ளி மருத்துவமனை, 1942, கீறல் இல்லை, வந்த வழி தெரியும்" என்று அழகாக எழுதி, அலமாரியில் முதல் வரிசையில் நிறுத்தி, ஓட்மாரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

பாபெட் அம்மாள் போன பிறகு சமையலறை பெஞ்சில் சாய்ந்தேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. அந்த வகுப்பறையில் நான் நிற்கிறேன். ஜன்னலுக்கு வெளியே இதே மூடுபனி. கட்டில் கட்டிலாக ஆட்கள், ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வெள்ளைத் தட்டு. மூச்சுக்கு மூச்சு தட்டுகள் மெல்ல ஏறி இறங்குகின்றன. சத்தமே இல்லை. ஒரு பக்கம் உன் அம்மா சின்னப் பெண்ணாக வாசலில் நிற்கிறார். நான் ஒவ்வொரு தட்டாக எடுத்து அடியில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டே போகிறேன். படுத்திருப்பவர்கள் என்னைக் கோபிக்கவில்லை. எடுக்கும்போது நெஞ்சைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறார்கள். விழித்தபோது மூன்றரை மணி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள். அத்தனைக்கும் பின்பக்கம் சொல்வேன். முன்பக்கத்தை இதுவரை கவனித்துப் பார்த்ததே இல்லை என்றால் நம்புவாயா? ஜன்னலருகே ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்க்கிறேன். கீறல்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கின்றன. ஒரே ஒரு தட்டில் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. யாரோ ஒரு இடக்கையர், எந்த ஆலையிலோ, அந்தத் தட்டே தனக்கு வர வேண்டும் என்று தினமும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இன்னொன்றில் நடுவில் மட்டும் சுரண்டிச் சுரண்டி மினுமினுப்புப் போயிருக்கிறது. அவ்வளவு பசி. இப்படிக் கீறல் விழுந்தவற்றைச் சந்தையில் நான் மட்டம் என்று சொல்லித் தள்ளியிருக்கிறேன்.

அந்தத் தட்டை நான் இறக்கவில்லை. பாபெட் அம்மாள்தான் ஒரு துண்டில் சுற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். உன்னிடம்தான் கொடுப்பாராம். "நீ கேட்டாலும் தரமாட்டேன், உன் மூஞ்சிக்கு" என்றார். சரி என்றேன்.

இர்மெலா, உன்னை நான் வா என்று இப்போது கூப்பிடவில்லை. கூப்பிடத் தகுதி வரவில்லை. சளி பிடித்தால் ரோஸ்வித்தாவின் கைமருந்தை நம்பாதே, மருத்துவரைப் பார்.

வெட்கத்துடன்,
லோதர்


ஹோன்ராய்ட்,
19 ஏப்ரல் 2007, வியாழக்கிழமை

என் பிரியமான இர்மெலா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளிக் காலுறை போன வாரம்வரை காலிலேயே இருந்தது. உள்ளே சீட்டு ஏதும் இருக்கும் என்று இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம். ஒன்றும் இல்லை. ஆனால் வலது கால் கட்டைவிரல் பக்கம் இரட்டை இழை வைத்துப் பின்னியிருந்தாய். எனக்கு அந்தப் பக்கம்தான் கிழியும். குளிர்காலம் முழுக்க அந்த இரட்டை இழையை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஈஸ்டருக்குப் பிறகும் ஒருநாள் பனி பெய்தது. பிளம் மரம் பூத்திருந்தது. எது பூ எது பனி என்று தெரியாமல் காலை முழுக்க மரம் வெள்ளையாக நின்றது. அம்மா வீட்டை வாங்கியவர்கள் இளம் தம்பதி. மரத்தை வெட்டமாட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்கள் இன்னும் குடிவரவில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இன்று மதியம் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவர்களிடம் ஒரே ஒரு நாள் அனுமதி கேட்டேன். காரணம் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

முதலில் என் தட்டுகளின் கதை. நானூற்றுப் பன்னிரண்டையும் என்ன செய்வது என்று குளிர்காலம் முழுக்க யோசித்தேன். பீங்கான் அருங்காட்சியகத்தில் கேட்டேன். அந்த அம்மாள், "ஐயோ, எங்க நிலவறையிலயே கால் வைக்க இடமில்ல, நீங்க வேற" என்றாள். தீயணைப்புத் தொண்டர்கள் கோடை விருந்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார்கள். ஓட்மாரோ எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உன்னைத் தொலைபேசியில் கூப்பிடப் போவதாக மிரட்டினான். கூப்பிட்டானா? கடைசியில் எல்லாம் வண்டிக்கொட்டகைக்குப் போய்விட்டன. காரை வெளியே நிறுத்துகிறேன். அட்டைகளை மட்டும் அடுப்பில் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, இரண்டு பிற்பகல். கூடத்து அலமாரி காலியாக இருக்கிறது, நீ உன் புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம். வைக்க விருப்பமிருந்தால்.

திங்கட்கிழமை பாபெட் அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றிய அது. "உன் பொண்டாட்டி போன் பண்ணா" என்றார். "பத்தொன்பதாம் தேதி அவளால வர முடியாதாம். யாராவது ஊத்தணுமேன்னு அழுதா. நான் ஊத்துறேன்னேன். 'வேணாம், அவரை ஊத்தச் சொல்லுங்க'ன்னா. எனக்கே காது சரியா கேக்குதான்னு சந்தேகம், ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."

இர்மெலா, என்னிடம் கொடுக்கச் சொன்னாயா? அந்தத் துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "போட்டு உடைச்சியோ, உன்னையும் அதும் பக்கத்துல புதைப்பேன்" என்றார் பாபெட் அம்மாள்.

சூப் வைத்தேன். மாவாகும் உருளைக்கிழங்கு, கேரட், லீக்ஸ், கடைசியில் மார்ஜோரம். உலர்ந்த இலை கை தவறிக் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது. பசித்தவன் அதைப் பெரிதுபடுத்தமாட்டான் என்று நினைக்கிறேன். வாங்கியவர்கள் விட்டுவைத்திருக்கும் அம்மாவின் மேசையில் துண்டைப் பிரித்தேன். தட்டு முகம் மேலே பார்க்க இருந்தது. உள்ளே பார்த்தேன். கீறல் இல்லாத வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வெளியே உள்ள பனிமூட்டம் உள்ளேயும் இருப்பது போல் ஆகிறது, எங்கே விளிம்பு முடிகிறது என்று தெரிவதில்லை. அடிப்பக்கம் மேசைமேல் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே கூவிச் சொன்னவன் நான். இன்று அது எனக்கு வேண்டியிருக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய். வேண்டியிருந்தது. விரல் அரித்தது.

அதனால் சீக்கிரம் சூப்பை ஊற்றிவிட்டேன், விளிம்புவரை. நிறைந்த தட்டை யாராலும் கவிழ்க்க முடியாது, இர்மெலா. இந்த வயதில் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன், சிரிக்காதே. உன் அம்மா அறுபத்தோரு வருஷம் இதை அறிந்திருந்தார்.

ஜன்னலைத் திறந்து விளிம்பில் வைத்தேன். ஆவி எழுந்து வெளியே போனது. "கொண்டு வந்துட்டேன்" என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன், யாரும் இல்லை. அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாரா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆள் பிழைத்திருந்தால் எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பான். எங்கேயோ ஒரு ஊரில், தன் தட்டை எடுத்துக்கொண்டு போன பெண்ணை நினைத்துப் பேரப்பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பான். அல்லது இல்லை. இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கருங்குருவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சூடு தாங்காமல் போய்விட்டது.

பிறகு பானையில் மிச்சமிருந்ததை வேறொரு வெள்ளைத் தட்டில் ஊற்றி நானும் குடித்தேன். கொட்டகையிலிருந்து கொண்டுவந்த அந்த இடக்கையரின் தட்டு. முழுக்கக் குடித்தேன். வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை. நீ சீட்டில் எழுதிய நிபந்தனையின்படி, இன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கடிதத்தை எழுத உரிமை வந்திருக்கிறது.

இப்போது வெளியே மங்கலாகிவருகிறது. சற்று நேரத்தில் சூப்பை எடுத்துப்போய்ப் பிளம் மரத்தடியில் ஊற்றுவேன். அதன் பிறகுதான் கஷ்டம். தட்டு காலியாகிவிடும், கழுவ வேண்டும். கழுவும்போது அடிப்பக்கம் கைக்கு வராமல் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கழுவப் போகிறேன். உன் அம்மாவின் சமையலறையில் அறுபத்துநான்கு வயது ஆள் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டுக் கழுவுவதை நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். நீ பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பின்பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு, காய்ந்ததும் துண்டில் சுற்றிப் பாபெட் அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். வாக்குக் கொடுத்தவள் நீ. நான் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் உன் கை.

நீ புறப்பட்ட அன்று ரயிலடிக்கு வந்தேன், பார்த்திருக்கமாட்டாய். நடைமேடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ எதுவும் சொல்லாமல் வண்டி ஏறினாய். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் தேதியை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன். சொல்லாமல் போனதால் எண்ண எதுவும் இல்லாமல் போயிற்று. ஆனால் சாவியை எடுத்துப் போனாய்.

பகலில்கூட நம் வீட்டு வாசல் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறேன், இர்மெலா. தபால்காரர் முனகுகிறார், பாபெட் அம்மாள் கதவை உதைக்கிறார். நீ வந்தால் மணி அடிக்காதே. உன் சாவியைப் போட்டுத் திற. அந்தச் சத்தம் எனக்கு எந்த அறையிலிருந்தாலும் கேட்கும்.

கடலில் இறங்கும்போது நீர் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மேசையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன், இரண்டும் பூப்போட்டது.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
லோதர்